முன்னுரிமை உள்ளவரின் கடமை

பல்லாவரத்தில் ஒரு வீட்டின் மாடியில், விமானி உரிமத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஏர் ரெகுலேஷன்ஸ், அதாவது விமானப் போக்குவரத்து விதிகள் பாடம் நடத்துகிறேன். ஒவ்வொரு பேட்ச்சின் முதல் நாளிலும் புத்தகத்தைத் திறப்பதில்லை. வகுப்பறைக்கு வெளியே உள்ள குறுகலான நடையின் இரு முனைகளிலும் இரண்டு மாணவர்களை நிறுத்தி, ஒருவரை நோக்கி ஒருவர் வேகமாக நடந்து வரச் சொல்வேன். பேசக்கூடாது, கையசைக்கக்கூடாது, மோதாமல் கடந்துபோக வேண்டும். பெரும்பாலும் இருவருமே தத்தம் இடப்பக்கம் ஒதுங்கிச் சிரமமின்றிக் கடந்துவிடுவார்கள். எப்போதாவது ஒருவர் இடப்பக்கமும் மற்றவர் வலப்பக்கமும் ஒதுங்கி, நடு நடையில் முகத்துக்கு முகம் நின்றுவிடுவார்கள். அதன் பிறகே பலகையில் எழுதுவேன்: நேருக்கு நேர் வரும் இரண்டு விமானங்களும் தத்தம் வலப்பக்கம் திரும்ப வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு இது எளிதான விதியன்று. பதினெட்டு வயதிலிருந்து ஜிஎஸ்டி சாலையில் இருசக்கர வண்டி ஓட்டிப் பழகிய கை, எதிரே ஏதேனும் வந்தால் தானாக இடப்பக்கம்தான் போகும். தேர்வுத்தாளில் ‘வலம்’ என்று சரியாகக் குறிக்கும் அதே மாணவரின் கை, ஆகாயத்தில் இடப்பக்கம் போகக்கூடும் என்பதை நான் சொந்த அனுபவத்தில் அறிவேன்.

நான் விமானம் ஓட்டக் கற்றது தென்தமிழ்நாட்டில் ஒரு பயிற்சிப் பள்ளியில். அங்கே விதிகள் பாடம் என்பது நகலெடுத்த வினாத் தொகுப்புகளாகவே எங்களுக்குக் கிடைத்தது. விடைகளை வரிசையாக மனப்பாடம் செய்து அந்தத் தாளில் எண்பது மதிப்பெண்ணுக்கு மேல் வாங்கியிருந்தேன். இருபது மணி நேரம்கூடப் பறந்து முடிக்காத நிலையில், ஒரு காலைப்பொழுதில், செஸ்னா 152 விமானத்தின் இடப்புற இருக்கையில் நானும் பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டரும் இருந்தோம். கண்ணாடியில் ஒட்டிய பூச்சி போல ஒரு புள்ளி தெரிந்தது. அது நகரவில்லை. நகராமல் பெரிதாகிக்கொண்டிருந்தது. எங்கள் பள்ளியின் மற்றொரு விமானம் அதே உயரத்தில் எதிரே வருகிறது என்று புரிந்த கணத்தில் என் கை ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பியது. இன்ஸ்ட்ரக்டர் ஒரு சொல்லும் பேசாமல் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுத்து வலப்பக்கம் சாய்த்தார். எதிரே வந்தவரும் தன் வலப்பக்கம் திரும்பினார். அவருடைய விமானத்தின் சக்கரங்களை நான் தெளிவாகப் பார்த்தேன்.

இறங்கிய பிறகு இன்ஸ்ட்ரக்டர் என்னைத் திட்டவில்லை. விமானங்களை நிறுத்தும் ஹேங்கருக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்து, ஒரு குச்சியால் எதிரெதிராக இரண்டு கோடுகள் வரைந்தார். ஒரு கோட்டை அதன் வலப்பக்கம் வளைத்தார். "இது அவர். இப்ப உன் கை போன பக்கம் நீ வரை" என்றார். வரைந்தேன். இரண்டு கோடுகளும் ஓரிடத்தில் சந்தித்தன.

அப்படி நெருங்கும்போது எவ்வளவு நேரம் கிடைக்கும் என்ற கணக்கை இன்று மாணவர்களைக் கொண்டே போட வைக்கிறேன். இரண்டு சிறிய விமானங்கள் ஒவ்வொன்றும் 90 நாட் (மணிக்கு ஏறத்தாழ 167 கிலோமீட்டர்) வேகத்தில் நெருங்கினால், இடையிலுள்ள தூரம் நொடிக்கு ஏறத்தாழ 93 மீட்டர் குறைகிறது. பார்வையை நம்பிப் பறப்பதற்கான விதி, 10,000 அடிக்குக் கீழே குறைந்தது 5 கிலோமீட்டர் தூரம் பார்வைக்குத் தெரிய வேண்டும் என்கிறது. ஆனால் அவ்வளவு சிறிய உருவத்தைக் கண் இரண்டு கிலோமீட்டரில்தான் பிடித்தது என்றால், கையில் இருப்பது இருபது நொடிகளுக்குச் சற்று மேல். எதிரே வருபவர் யாரென்று தெரியாது, அவருடைய மொழி தெரியாது, அவர் எந்த அலைவரிசையில் பேசுகிறார் என்பதும் தெரியாமல் போகலாம். அந்த நொடிகளில் இருவரும் ஒரே முடிவுக்கு வருவதற்கு, முன்பே எங்கோ செய்து வைத்த ஓர் உடன்பாட்டைத் தவிர வேறு துணையில்லை.

அந்த உடன்பாட்டின் வேர் 1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் கையெழுத்தான ஒப்பந்தம். உலகப் போர் முடியாத நிலையிலேயே அரசுகள் கூடி அதை எழுதின. கையெழுத்திட்டவற்றுள் இந்தியாவும் ஒன்று. அதன் முதல் பிரிவு, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியில் முழுமையான, தனியுரிமையான இறையாண்மை உண்டு என்கிறது. இதைச் சொன்னவுடன் ஏதாவது ஒரு பிள்ளை, "அப்ப வழி தவறி உள்ளே வந்துட்டா சுடலாமா சார்?" என்று கேட்கும். நியாயமான கேள்வி. 1983 செப்டம்பர் 1 அன்று வழி விலகிச் சோவியத் வான்வெளிக்குள் நுழைந்த கொரிய பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தனர். பறந்துகொண்டிருக்கும் பயணிகள் விமானத்தின் மீது ஆயுதம் பயன்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும் என்ற திருத்தம் அதற்கு அடுத்த ஆண்டே ஏற்கப்பட்டது. ஆனால் நடைமுறைக்கு வந்தது 1998 இல். அந்த இடைவெளியைப் பலகையில் எழுதும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

சென்னையில் இருப்பதால் இந்தப் பாடத்தின் ஒரு பகுதியை ஜன்னலைக் காட்டியே நடத்த முடிகிறது. மீனம்பாக்கத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பும் விமானம், கரையிலிருந்து 12 கடல் மைலைத் தாண்டியதும் இந்திய இறையாண்மைக்கு உட்பட்ட வான்வெளியை விட்டு வெளியேறிவிடுகிறது. வங்கக் கடலின் மேல் சென்னைக் கட்டுப்பாட்டு மையத்தோடு தொடர்ந்து பேசுவதால், மாணவர்கள் அதையும் நம் வான்வெளி என்றே நினைத்துவிடுகிறார்கள். அங்கே நாம் ஏற்றிருப்பது சேவை தரும் பொறுப்பு மட்டுமே. ஒரு நாடு தன் எல்லைக்குள் சர்வதேச விதியிலிருந்து விலக விரும்பினால் அந்த வேறுபாட்டை அறிவித்துவிட்டு விலகலாம். பார்வையை நம்பிப் பறப்பவர்களுக்குச் சர்வதேச விதி 20,000 அடி மட்டத்தை வரம்பாக வைத்திருக்க, நம் நாட்டு விதி 15,000 அடி மட்டத்தோடு நிறுத்தியிருப்பது அத்தகையது. திறந்த கடலின் மேலே அந்தச் சலுகை கிடையாது. ஒப்பந்தத்தின் 12 ஆம் பிரிவுப்படி, அங்கே எல்லோருக்கும் ஒரே விதிதான்.

விதி ஒன்றாக இருந்தாலும் அது காதில் சரியாக விழ வேண்டும். 1996 நவம்பர் 12 மாலை, ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே ஒரு சவூதி விமானமும் ஒரு கஜகஸ்தான் விமானமும் மோதி, இரண்டிலும் இருந்த 349 பேரும் இறந்தனர். டெல்லியிலிருந்து ஏறிக்கொண்டிருந்த சவூதி விமானத்துக்கு 14,000 அடி மட்டமும், இறங்கிவந்த கஜக விமானத்துக்கு 15,000 அடி மட்டமும் ஒதுக்கப்பட்டிருந்தன. இறங்கி வந்த விமானம் தனக்குரிய மட்டத்தில் நிற்கவில்லை. அதன் விமானிகளுக்கு ஆங்கிலம் போதாமல் இருந்ததையும், வானொலியில் பேசியவர் ஒருவராகவும் விமானத்தை ஓட்டியவர் வேறொருவராகவும் இருந்ததையும் விசாரணை கவனித்தது. விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் நான்காம் நிலை ஆங்கிலத் தேர்ச்சி வேண்டும் என்ற சர்வதேச விதி 2008 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளிடம் இந்த விதியைப் பற்றி நான் நிறுத்தி நிதானமாகப் பேசுவேன். தமிழ்வழியில் படித்துவிட்டு வருபவர்கள், தங்கள் உச்சரிப்பை நினைத்துக் கூனிக்குறுகி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். தாய்மொழியின் சாயல் உச்சரிப்பில் இருக்கலாம், அது புரிதலுக்குப் பெரும்பாலும் தடையாகாமல் இருந்தால் போதும் என்பதுதான் அந்த நிலையின் அளவுகோல். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி இதைக் கேட்டுவிட்டு, அன்றைக்குத்தான் முதல் முறையாக வகுப்பில், கட்டுப்பாட்டாளர் தரும் உயர அனுமதியை விமானி திருப்பிச் சொல்வதுபோலச் சத்தமாகத் திருப்பிச் சொன்னார். ஒரு எண்ணும் பிசகவில்லை.

இந்தத் தாளில் தேர்ச்சி பெற எழுபது மதிப்பெண் வேண்டும். 1934 ஆம் ஆண்டின் விமானச் சட்டம் போய், பாரதிய வாயுயான் அதிநியம் என்ற புதிய சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதையும் சேர்த்துப் படித்தாக வேண்டும். எழுபதுக்கான வழியை வினாத் தொகுப்புகள் காட்டிவிடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் வினாத் தொகுப்பில் ஒரே விடையாகச் சுருங்கிப்போகும் ஒரு விதியின் இரண்டாம் பாதிக்காகத்தான் ஒரு முழு வகுப்பை ஒதுக்குகிறேன்.

ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இரண்டு விமானங்கள் குறுக்காக நெருங்கினால், மற்றதைத் தன் வலப்பக்கத்தில் காண்பது வழிவிட வேண்டும். எல்லோருக்கும் இது தெரியும். முன்னுரிமை உள்ள விமானம் தன் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் வர வேண்டும் என்பது அடுத்த வரி. "எனக்குத்தானே முன்னுரிமை, நான் இஷ்டப்படி போகலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. போகக்கூடாது. அவர் மாறாமல் வருவார் என்று நம்பித்தான் மற்றவர் எந்தப் பக்கம் விலகுவது என்று முடிவெடுக்கிறார். பயந்தோ பெருந்தன்மை காட்டியோ நீங்கள் திரும்பினால், அவருடைய கணக்கு முழுவதும் பொய்யாகிறது. அதோடு, முன்னுரிமை இருப்பதாலேயே மோதலைத் தவிர்க்கும் பொறுப்பு நீங்கிவிடாது என்றும் விதி சொல்கிறது. அசையாமல் வர வேண்டும், அதே சமயம் மற்றவர் உண்மையிலேயே விலகுகிறாரா என்று பார்த்துக்கொண்டும் இருக்க வேண்டும். முதல் முறை கேட்கும்போது இது முரணாகத் தோன்றுகிறது என்பதால் பிள்ளைகளை மொட்டைமாடிக்கு அழைத்துப் போகிறேன்.

ஏழு மணிக்கு மேல் அங்கிருந்து பார்த்தால், மீனம்பாக்கத்தில் ஏறுவதும் இறங்குவதும் தெரியும். விமானத்தின் இடச் சிறகு நுனியில் சிவப்பு விளக்கு, வலச் சிறகு நுனியில் பச்சை. நமக்கு வலமிருந்து இடமாகக் கடக்கும் விமானம் தன் இடப்பக்கத்தைக் காட்டுவதால் சிவப்பு தெரியும். ஆகாயத்தில் அதைப் பார்த்தவர் வழிவிட வேண்டும். இடமிருந்து வலமாகக் கடப்பது பச்சையைக் காட்டும். விளக்குகளின் நிறத்தை வைத்தவர்கள் விதியையே சிறகில் ஏற்றியிருக்கிறார்கள் என்பது புரியும்போது பிள்ளைகளின் முகம் மாறும்.

போன மாதம் அந்தத் திருவண்ணாமலை மாணவி கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றிருந்தார். ஒரு விமானம் இடப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

"பச்சை சார். அவங்கதான் எனக்கு வழி விடணும். நான் திரும்பக்கூடாது."

"சரிம்மா. விட்டாங்களா?"

அவர் பதில் சொல்லவில்லை. அந்த விளக்கு கட்டடங்களுக்குப் பின்னால் மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.