மதில் நிபந்தனையை மாற்றக் கேட்டபோது

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தில் புதுக் குடியிருப்பு வரப்போகிறது என்று தெரிந்தபோது நான் ஆட்சேபம் எதுவும் சொல்லவில்லை. ஒப்புதல் ஆணையைப் படித்த பிறகுதான் கவலை பிடித்துக்கொண்டது. எல்லை நெடுக 1.8 மீட்டர் உயரத்தில், இடைவெளியே இல்லாத மதில் கட்ட வேண்டும் என்று அதில் ஒரு நிபந்தனை.

எங்கள் பக்கம் மேடு, அவர்கள் பக்கம் பள்ளம். மழைத் தண்ணீர் எங்கள் கொல்லையைக் கடந்துதான் கீழே இறங்கும். பழைய கம்பி வேலியைப் போய்ப் பார்த்தேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை காய்ந்த புல்லும் சருகும் கம்பியில் சிக்கி, கோடு போட்டதுபோல் நின்றன. போன மழையில் தண்ணீர் ஏறிய உயரம் அது. அந்த இடத்தில் மதில் எழுப்பினால் அணை கட்டிய மாதிரிதான். அளவுநாடாவை அருகில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டேன்.

ஒப்புதல் கொடுத்த அலுவலகத்தில் முதல் நாளே ஒன்று தெளிவானது. ஆணை வந்த பிறகு நிபந்தனையைத் திருத்தச் சொல்லி மனு போட வேண்டியது கட்டுகிறவர்கள். நான் கருத்து மட்டும்தான் சொல்லலாம். அங்கிருந்த ஊழியர் நல்ல வார்த்தை ஒன்றும் சொன்னார்: "இதை ஏன் போட்டார்கள் என்று கோப்பில் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள்." பார்த்தேன். இரண்டு வீடு தள்ளி இருக்கும் அம்மா எழுதிய கடிதம் இருந்தது. மாடி ஜன்னலிலிருந்து தன் கொல்லை தெரியும் என்பது அவர் பயம்.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். "மதில் வேண்டாம்னு சொல்ல வந்தியா தம்பி?" என்றார். "இல்லைம்மா, மதில் வந்தால் மறைக்குமா என்று பார்ப்போம்" என்றேன். வரைபடத்தை விரித்துக் கணக்குப் போட்டோம். ஜன்னலில் நிற்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 4.5 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஜன்னலிலிருந்து எல்லை 3 மீட்டர், எல்லையிலிருந்து அவர் துணி காயப்போடும் கொடி 6 மீட்டர். 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தக் கொடியை மறைக்க மதில் மூன்றரை மீட்டர் எழும்ப வேண்டும்! அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ ஜன்னலைத்தான் கேட்கணும்" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. இந்த விஷயத்தில் கிடைத்த மிகச் சிறந்த யோசனை அவருடையதுதான்.

கட்டுமான நிறுவனத்தைச் சம்மதிக்க வைப்பது நான் பயந்த அளவு கஷ்டமாக இல்லை. எல்லையில் பெரிய மரங்கள் நிற்கின்றன. மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவியிருக்கும். மதிலுக்குத் தொடர்ச்சியாக அஸ்திவாரம் தோண்டினால் அத்தனையும் அறுபடும். கம்பி வேலி என்றால் வேர் இல்லாத இடமாகப் பார்த்துத் தூணை நடலாம். அவர்களே திருத்த மனு போட்டார்கள். நான் படங்களையும், அந்த அம்மாவும் நானும் கையெழுத்திட்ட கடிதத்தையும் கொடுத்தேன்.

கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை. வாகன நிறுத்தத்தை ஒட்டிய பகுதியில் மதில் அப்படியே இருக்கட்டும் என்றார்கள் அதிகாரிகள். முகப்பு விளக்கின் வெளிச்சத்தையும் வண்டிச் சத்தத்தையும் தடுக்க இடைவெளியில்லாத தடுப்புதான் உதவும். சந்து இருந்தால் சத்தம் அதன் வழியே வந்துவிடும். அது நியாயம்தான், நான் வாதாடவில்லை. மற்ற இடங்களில் கம்பி வேலியும் உயிர்வேலியும். தண்ணீர் ஓடும் இடத்தில் தரைக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி. எங்கள் பக்கம் பார்த்த மாடி ஜன்னல்களுக்கு மங்கல் கண்ணாடி. பட்டுப்போகும் செடிக்குப் பதில் வேறு செடி நட வேண்டும் என்றும் சேர்த்திருந்தார்கள்.

செடிகள் இப்போது முழங்கால் உயரம். முதல் பெருமழையன்று குடையோடு போய் நின்று பார்த்தேன். தண்ணீர் தேங்காமல் கம்பிக்கு அடியில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.