அங்கிள் என்றால் எல்லாம் அடங்கும்

தன்பாலீர்ப்புள்ள நகைச்சுவையாளர்கள் தங்கள் வீட்டையும் காதலையும் பற்றி எழுதிய புத்தகங்களைத் தேடி நூலகம் போகிறவர்கள், அதற்கென்று தனி அலமாரி இருக்கும் என்று நினைக்கிறார்கள். கிடையாது. நூலகங்கள் புத்தகங்களை அடுக்கப் பயன்படுத்தும் டூயி எண்முறை ஒரே மாதிரியான புத்தகங்களை நாலு மூலைக்குப் பிரித்துவிடும். அமெரிக்கர் எழுதிய கட்டுரை என்றால் 814. நகைச்சுவை என்று முடிவு கட்டிவிட்டால் 817. மேடைக் கலைஞரின் வாழ்க்கை என்றால் 792.7. பாலீர்ப்பு பற்றிய சமூகவியல் என்றால் 306.76. கடைசி எண் இருக்கும் பக்கம் சிரிப்புச் சத்தம் அவ்வளவாகக் கேட்காது. 814, 817 இரண்டிலும் தொடங்குங்கள். நம் சிங்கப்பூர் நூலகத்தில் இரவல் 21 நாள். ஒரு நாளுக்கு ஒரு கட்டுரை வீதம் படித்தாலே ஒரு தொகுப்பு முடிந்துவிடும். ஒரே மூச்சில் படித்தால் திகட்டும்.

ஒலிநூலாகக் கிடைத்தால் அதையே எடுங்கள். இந்த வகை எழுத்து வாயிலிருந்து பிறந்தது. அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் டேவிட் செடாரிஸ் பரவலாக அறியப்பட்டதே 1992 டிசம்பரில், வானொலியில் வாசித்த ஒரு கட்டுரையால்தான். பண்டிகைக் காலத்தில் ஒரு பெரிய கடையில் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு எடுபிடிக் குள்ளனாக வேடம் போட்டு வேலை பார்த்த கதை அது. 1977 முதல் நாட்குறிப்பு எழுதி வருபவர். புதிய கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஊர் ஊராக மேடையில் வாசித்து, கூட்டம் எங்கே சிரித்தது, எங்கே நெளிந்தது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு திருத்துவார். அவருடைய ஒத்திகைக் கூடம் அதுதான்.

துணைவர் ஹியூ அவர் புத்தகங்களில் வந்துகொண்டே இருப்பார். ஆனால் அவை தன்பாலீர்ப்பைப் ‘பற்றிய’ புத்தகங்கள் அல்ல. அப்பா, அம்மா, உடன்பிறந்த ஐந்து பேர், அவர்களுக்குள் ஓயாத கணக்குவழக்கு, இவைதான் சரக்கு. வீட்டில் உண்மையைச் சொல்லும் காட்சியை உச்சக்கட்டமாக வைத்துக் கட்டிய புத்தகம் பாதியிலேயே சப்பென்று ஆகிவிடும். அந்தக் காட்சிக்குப் பிறகும் குடும்பம் சாப்பிட உட்கார்ந்தாக வேண்டுமே! சிரிப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருபவர் மேடை நகைச்சுவைக் கலைஞர் குமார். தொண்ணூறுகளில் பெண் வேடமிட்டு மேடையேறிப் பேர் வாங்கியவர், தான் யார் என்பதை 2011இல், தன் வாழ்க்கை வரலாறு வெளிவந்தபோது வெளிப்படையாகச் சொன்னார். மேடையில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் எவரையும் விட்டுவைக்காத வாய். ஆனால் மேடைப் பேச்சை அப்படியே அச்சில் ஏற்றினால் பாதி செத்துவிடும். ஒரு புருவத் தூக்கல் செய்யும் வேலையைத் தாளில் பத்தி முறிவுதான் செய்தாக வேண்டும்.

தமிழில் இப்படி எழுத உட்காருபவர்களுக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. ஆங்கில வாக்கியத்தில் வெடிக்க வேண்டிய சொல்லைக் கடைசியில் வைக்கலாம். தமிழில் வினைமுற்று வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். மகன் தன் காதலனைப் பற்றி அம்மாவிடம் சொல்லிவிட்டான் என்று வையுங்கள். “‘அவனுக்குச் சொந்த வீடா, வாடகை வீடா?’ என்று அம்மா சற்று நேரம் கழித்துக் கேட்டார்” என்றால் வெடி முதலில் வெடித்துவிட்டது, மீதி எல்லாம் புகை. புரட்டிப் போடுங்கள்: “அம்மா மூன்று நிமிடம் பேசவில்லை. மின்விசிறியைப் பார்த்தார். ‘சொந்த வீடா, வாடகையா?’” அதோடு நிறுத்த வேண்டும். ‘என்றார்’ கூட வேண்டாம். அம்மா சிரித்தாரா அழுதாரா என்று விளக்கினால் கெட்டது.

அந்தக் கேள்வி சிங்கப்பூர்க் கேள்வி என்பதையும் கவனியுங்கள். ஆண்களுக்கு இடையிலான பாலுறவைக் குற்றமாக்கி 1938இல் வந்த 377ஏ சட்டப்பிரிவை நீக்கும் மசோதா 2022 நவம்பர் 29 அன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2023 ஜனவரி 3 முதல் நடப்புக்கு வந்தது. திருமணத்தின் வரையறை மட்டும் மாறவில்லை. ஆகவே ஆண்கள் இருவர் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டைச் சேர்ந்து வாங்க நினைத்தால் இருவருக்கும் 35 வயது ஆகியிருக்க வேண்டும். இரண்டு முதல் நான்கு தனியாட்கள் சேர்ந்து வாங்கும் திட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். பத்து வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவர்களும் படிவத்தில் ‘தனியாள்’தான். கல்யாணம் பேசுவதற்குப் பதிலாக ‘பிடிஓ போடலாமா?’ (புது வீவக வீட்டுக்கு விண்ணப்பிக்கலாமா?) என்று கேட்கும் ஊரில், 35ஆம் பிறந்தநாள் கேக்கை வைத்தே ஓர் அத்தியாயம் எழுதலாம்.

தமிழில் கணவரை ‘வீட்டுக்காரர்’ என்கிறோம். இந்தத் திட்டத்தில் சாவி வாங்கினால் இருவருமே வீட்டுக்காரர். இதை இங்கிலீஷில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்.

‘பார்ட்னர்’ என்று சொல்லி ஆங்கிலக்காரர் பாலை மறைத்துவிடுவார். நமக்கு ‘அவன்’, ‘அவள்’ என்று வந்த உடனே குட்டு உடையும், ஆனால் ‘அவர்’ இருக்கிறதே! மனைவிகள் தலைமுறை தலைமுறையாக ஒரு பெயரும் சொல்லாமல் ‘அவர் வந்துட்டாரு’ என்றே குடும்பம் நடத்தினார்கள். ஓர் ஆண் அதே குரலில் அதே ‘அவர்’ சொன்னால், கேட்பவருக்கு மரியாதையா உறவா என்று புரிய இரண்டு பக்கம் ஆகும். அந்த இரண்டு பக்கத்தை வீணாக்காதீர்கள்.

உறவுமுறைதான் பெரிய சுரங்கம். தாய்மாமனின் துணைவரைக் குழந்தை எப்படிக் கூப்பிடும்? மாமாவின் மனைவி அத்தை. மாமாவின் ஆளுக்கு? ‘சித்தப்பா’ என்றால் பாட்டி அப்பா வழியா அம்மா வழியா என்று கிளறுவார். ‘அண்ணன்’ என்றால் மாமாவும் அண்ணனும் ஒரே படுக்கையறையா என்று ஆகிவிடும். சிங்கப்பூரில் பிரச்சினை தானாகத் தீர்ந்தது: டாக்சிக்காரர் அங்கிள், காப்பிக்கடைக்காரர் அங்கிள், தீபாவளிக்கு முறுக்கு டின்னோடு மாமா பக்கத்தில் நிற்பவரும் அங்கிள். ஒன்றும் கேட்காமலே ஏற்றுக்கொள்வதற்கும், ஏற்றுக்கொள்ளாமலே சோறு போடுவதற்கும் அந்த ஒரு சொல் போதும்.

எழுதுபவர்கள் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, அம்மாவைக் கேலிச்சித்திரம் ஆக்குவது. அவருக்கு ஒரு நல்ல பதிலாவது கொடுங்கள், முடிந்தால் எழுத்தாளரையே மட்டம் தட்டும் பதில். தன்னைவிட மற்றவர்கள் முட்டாளாகத் தெரியும் கட்டுரை மூன்றாம் பக்கத்தில் கசந்துவிடும். இன்னொன்று கேலி அல்ல, ஆபத்து: தன் உண்மையைச் சொல்லும் வேகத்தில் வேறொருவர் இன்னும் சொல்லாத உண்மையைச் சொல்லிவிடுவது. பெயரை மாற்றினால் போதாது. புக்கிட் பாத்தோக், கணக்கு ஆசிரியர், இடது கையில் பச்சை குத்தியவர் என்று மூன்று அடையாளம் கொடுத்தால் தமிழர்கள் கூடும் தேக்காவில் அரை மணி நேரத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஊரையும் வேலையையும் மாற்றுங்கள், அல்லது அவரிடமே படிக்கக் கொடுங்கள். சம்பந்தப்பட்டவர் சிரிக்கும் இடத்தில் ஒரு டிக் போட்டு வையுங்கள்.