முதல் புல் ரிக்வெஸ்ட் எங்கே சிக்குகிறது?

ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட்டுக்குப் புதிதாக வந்தவர், தன் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட் முடியுமுன் பாதியில் காணாமல் போனால், "கிட் தெரியாத ஆள் போல" என்று சொல்லிவிடுவது அதைப் பராமரிக்கும் மெயின்டெய்னர்களுக்கு வசதி. கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டைக் கற்றுக்கொள்ள ஆயிரம் வீடியோ இருக்கிறது. உங்கள் ரெப்போவை, அதாவது கோடு இருக்கும் களஞ்சியத்தைப் பற்றி நீங்கள் எழுதி வைத்தால்தான் உண்டு.

முதலில், நிறுவும் வழியைச் சொல்லும் ரீட்மீ கோப்பைச் சோதியுங்கள். உங்கள் கணினியிலிருந்து தனித்து இயங்கும் காலி டாக்கர் கன்டெய்னர் ஒன்றைத் திறந்து, ரீட்மீயில் உள்ள கட்டளைகளை மட்டும் வரிசையாக ஒட்டி ஓட்டுங்கள். கைப்பழக்கத்தில் எதையும் கூடுதலாகச் சேர்க்கக் கூடாது. பைத்தான் எந்த வெர்ஷன் என்று எழுதாமல் விட்டது, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஏற்கெனவே ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டது, அமைப்புகளை வைக்கும் என்வ் கோப்புக்கு மாதிரி வைக்காதது எல்லாம் அங்கே பல்லிளிக்கும். எல்லா டெஸ்ட்டையும் ஓட்டும் கட்டளையோடு, ஒரே ஒரு டெஸ்ட்டை மட்டும் ஓட்டுவது எப்படி என்பதையும் எழுதுங்கள். புதியவருக்கு அதுதான் முதலில் தேவை.

அடுத்தது இஷ்யூ, அதாவது சரிசெய்ய வேண்டியதைப் பதியும் குறிப்பு. புதியவருக்கு ஏற்றது என்று 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' லேபிள் ஒட்டியதோடு வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். "சிஎஸ்வி எக்ஸ்போர்ட்டில் தமிழ் உடைகிறது" என்று ஒரு வரி மட்டும் இருந்தால், அனுபவசாலிக்கே அரை நாள் போகும். அதையே இப்படி எழுதலாம்: எக்ஸ்போர்ட் செய்த கோப்பை எக்செலில் நேரடியாகத் திறந்தால் தமிழ் எழுத்துகள் குப்பையாகத் தெரிகின்றன. கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற மூன்று பைட் அடையாளம் இல்லாததால், அது யுடிஎஃப்-8 என்கோடிங்கில் உள்ளது என்று எக்செலுக்குப் புரிவதில்லை. இன்ன கோப்பில், இன்ன ஃபங்ஷனில், என்கோடிங்கை, பிஓஎம் சேர்க்கும் 'யுடிஎஃப்-8-சிக்' என்று மாற்ற வேண்டும். இம்போர்ட் பக்கமும் அதே என்கோடிங்கில் படிக்க வேண்டும், இல்லையென்றால் முதல் நெடுவரிசையின் பெயரோடு அந்த பிஓஎம் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் உள்ள டெஸ்ட்டை மாதிரியாக வைத்து, முதல் மூன்று பைட்டுகளைச் சரிபார்க்கும் டெஸ்ட் ஒன்று சேர்க்கவும்.

இவ்வளவு எழுதுகிற நேரத்தில் நானே சரிசெய்துவிடுவேனே என்று தோன்றும். உண்மைதான். ஆனால் அந்த நேரம் பிழைக்காகச் செலவாவதில்லை, ஆளுக்காகச் செலவாகிறது. அவசரமான பிழைக்கு இந்த லேபிளைப் போடவே வேண்டாம்.

"நான் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது இன்னொரு முட்டுக்கட்டை. ரஸ்ட் மொழியின் புராஜெக்ட்டில், ரஸ்ட்பாட் என்ற தானியங்கி பாட்டைக் கூப்பிட்டு 'கிளெய்ம்' என்று கமென்ட் போட்டால் இஷ்யூ கமென்ட் போட்டவர் பெயருக்கு வந்துவிடும். சின்ன புராஜெக்ட்டுக்கு பாட் தேவையில்லை. கேட்காமலே தொடங்கலாம், இரண்டு வாரம் அசைவில்லை என்றால் அடுத்தவர் எடுக்கலாம் என்று, பங்களிப்பு விதிகளைச் சொல்லும் கான்ட்ரிப்யூட்டிங் கோப்பில் எழுதினால் போதும்.

புல் ரிக்வெஸ்ட் வந்த பிறகுதான் புதியவர் அதிகம் மிரள்கிறார். கிட்ஹப்பின் பொது ரெப்போக்களில் முதல்முறை பங்களிப்பவரின் சிஐ, அதாவது தானியங்கிச் சோதனை, தானாக ஓடாது, மெயின்டெய்னர் அனுமதி கொடுக்க வேண்டும். கிரிப்டோ மைனிங்குக்கு, இந்தச் சோதனைகளை ஓட்டும் ஆக்‌ஷன்ஸைச் சிலர் சுரண்டியதால் கிட்ஹப் 2021-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. நீங்கள் பட்டனை அழுத்தும்வரை அங்கே எதுவும் நகராது. வந்தவரோ தன் கோடில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வார். அந்த பட்டனை அன்றைக்கே அழுத்துங்கள், ரிவ்யூ பிறகு ஆகட்டும்.

இந்தக் கோடைத் தர எனக்கு உரிமை உண்டு என்று உறுதி சொல்லும் சைன்-ஆஃப் வரி இல்லை என்று டிசிஓ செக் சிவப்பானால், 'கிட் கமிட் --அமெண்ட் -எஸ்', பிறகு ஃபோர்ஸ் புஷ் என்று முழுக் கட்டளையையும் கமென்ட்டில் போடுங்கள். ஃபார்மேட்டிங் பிழைக்காக ஆளை மூன்று முறை அலைக்கழிக்க வேண்டாம். மெயின்டெய்னர் திருத்த அனுமதி அனேகமாக டிக் ஆகியே இருக்கும், நீங்களே அந்த பிராஞ்சில் சரிசெய்துவிடலாம். ஒரு வரி மாற்றத்துக்கு முழுக் கோப்பும் மாறியதாக டிஃப் காட்டினால், பெரும்பாலும் விண்டோஸின் வரி முடிவு எழுத்துதான் காரணம். கிட்ஆட்ரிப்யூட்ஸ் கோப்பில், வரி முடிவுகளை ஒரே மாதிரியாக்கும் '* டெக்ஸ்ட்=ஆட்டோ' வரியைச் சேர்ப்பது உங்கள் வேலை, அவருடையதல்ல.

கடைசியாக ஒன்று. முதல்முறை வருபவர்கள் பலரும் தங்கள் ஃபோர்க்கின், அதாவது ரெப்போவின் சொந்த நகலின், மெயின் பிராஞ்சிலிருந்தே அனுப்புவார்கள். நீங்கள் கமிட்டுகளை (பதிந்த மாற்றங்களை) ஒன்றாக்கி ஸ்குவாஷ் செய்து மெர்ஜ் செய்தால் அவருடைய பழைய கமிட்டுகள் அங்கேயே தங்கி, இரண்டாவது புல் ரிக்வெஸ்ட்டிலும் தலைகாட்டும். நன்றி சொல்லும் அதே கமென்ட்டில், மூல ரெப்போவான அப்ஸ்ட்ரீமை ஃபெட்ச் செய்து அதன் மெயினிலிருந்து புது பிராஞ்ச் பிரிக்கும் இரண்டு கட்டளைகளையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.