மாசக் கடைசி பில் பட்டனும் நானும்

சவுகார்பேட்டைல ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்திருந்தோம். மாசக் கடைசில அக்கவுண்ட்ஸ் பாக்கற அக்கா ஒரு பட்டன் அமுக்குவாங்க, 1,800 கஸ்டமருக்கு பிடிஎஃப் போட்டு மெயில் போகணும். ஒரு பில்லுக்கு ரெண்டரை செகண்ட், ஆக மொத்தம் 75 நிமிஷம். முன்னாடி நிக்கற வெப் சர்வர் என்ஜின்எக்ஸ், சும்மா விட்டா 60 செகண்ட்தான் பதிலுக்கு காத்திருக்கும், அப்புறம் 504ன்னு டைம்அவுட் எரர். அக்கா திரும்ப அமுக்குவாங்க, பின்னாடி முதல் ரவுண்டு ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

சரின்னு, வேலைய பின்னாடி தனியா ஓட்டற செலரிய வச்சு, வேலைங்க வரிசைல காத்திருக்கற க்யூவா ரெடிஸ போட்டேன். பட்டன் அமுக்கினா டேட்டாபேஸ்ல ஒரு ரோ, க்யூல ஒரு மெசேஜ், உடனே 202, அதாவது வேலைய வாங்கிக்கிட்டேங்கற பதில். பேஜ் மூணு செகண்டுக்கு ஒருக்கா கேட்டு 412/1800ன்னு காட்டும். "இப்பதான்பா உயிரோட இருக்குன்னு தெரியுது"ன்னாங்க அக்கா.

அங்கங்க ரோ காணோம்னு எரர் வந்துச்சு. எங்க வெப் ஃப்ரேம்வொர்க் ஜாங்கோ அந்த ரோவ டேட்டாபேஸ்ல உறுதியா எழுதி முடிக்கறதுக்குள்ள (அதான் கமிட்), பின்னாடி வேலை செய்யற செலரி வொர்க்கர் மெசேஜ எடுத்துட்டு ரோவத் தேடுது, என் லேப்டாப்ல ஒரு தடவ கூட வரல. கமிட் ஆனப்புறம்தான் மெசேஜ் போகற மாதிரி ஆன்-கமிட்டுக்குள்ள போட்டதும் சரியாச்சு. ஒரே வரி, அரை நாள் போச்சு.

நெஜமான அடி அடுத்த மாசம். நடுவுல ஒரு தடவ புது கோட் ஏத்தினப்ப வொர்க்கர் ரீஸ்டார்ட் ஆகி பாதி வேலை காணாமப் போச்சுன்னு, வேலை முடிஞ்சப்புறம்தான் க்யூவுக்கு ஆக் (ஒப்புகை) அனுப்பணும்னு மாத்தி வச்சிருந்தேன், ரொம்ப புத்திசாலித்தனம்னு நெனப்பு வேற. பெருங்குடி பறக்கும் ரயில் ஸ்டேஷன்ல நிக்கறேன், ஓனர் போன். "தம்பி, ஒரே பில்லு ரெண்டு தடவ வருதாம், ஒவ்வொருத்தனா கூப்பிட்டு திட்றான்." பெஞ்சுல உக்காந்து லேப்டாப்ப தொறந்து லாக் பாத்தா அதே டாஸ்க் ஐடி 6:10க்கு ஒரு தடவ, 7:10க்கு ஒரு தடவ. ரெடிஸ் ப்ரோக்கரா (மெசேஜ வாங்கி வச்சுக் குடுக்கற ஆளா) இருந்தா ஒரு மணி நேரத்துக்குள்ள ஆக் வரலன்னா, வொர்க்கர் செத்துப் போச்சுன்னு நெனச்சு செலரி அதே மெசேஜ இன்னொரு வொர்க்கருக்கு குடுத்துரும், டீஃபால்ட்டே அதான். என் வேலையோ 75 நிமிஷம்! வொர்க்கர நிறுத்தறதுக்குள்ள முன்னூத்து சொச்சம் பேருக்கு ரெண்டாவது மெயில் போயிருச்சு.

அந்த ஒரு மணி நேர டைம்அவுட்ட ஏத்திட்டுப் போயிருக்கலாம், ஆனா அது நாளைக்கு வேற ரூபத்துல வரும். ரெடிஸுக்கு பதிலா ராபிட்எம்க்யூங்கற இன்னொரு க்யூவுக்கு மாறுன்னான் ஃப்ரெண்டு, நான் பாத்த வெர்ஷன்ல அதுவும் அரை மணி நேரம் ஆக் இல்லன்னா வொர்க்கரோட பேசற சேனல மூடிருது. அதனால ஒரு பெரிய டாஸ்க்க 1,800 குட்டி டாஸ்க்கா ஒடச்சேன், கஸ்டமரும் மாசமும் சேத்து ஒரு யூனிக் ரோ, மெயில் அனுப்பறதுக்கு முன்னாடி அந்த ரோவ வேற வொர்க்கர் தொடாம பூட்டி "அனுப்பியாச்சு"ன்னு இருந்தா அப்படியே திரும்பிரும்.

போன மாசம் எட்டு ப்ராசஸ்ல பத்து நிமிஷத்துல முடிஞ்சுது. மெயில் ஐடி தப்பா இருந்த நாலு பேரால நம்பர் 1796லயே நின்னுது, அக்கா மாட்டிக்கிச்சுன்னு நெனச்சு பேஜ ரெஃப்ரெஷ் பண்ணிக்கிட்டே இருந்தாங்களாம். ஃபெயில் ஆனதுக்கு தனியா ஒரு சிவப்பு நம்பர் போடணும், இந்த வாரம்.