பெயிண்ட் அடிக்க வந்த அண்ணன்

தீபாவளிக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் தாரமங்கலம் பக்கத்து இலங்கை அகதிகள் முகாம்காரர். 1990-ல் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் படகிலிருந்து இறங்கியவர். இத்தனை வருஷம் சேலத்து வெயிலில் காய்ந்தும் 'கதைக்கிறது' என்கிற இலங்கைப் பேச்சு மட்டும் போகவில்லை. பட்டி தேய்த்துக்கொண்டே சொன்னார்: "2014-ல புதுச்சேரியில இருந்து 157 பேர் படகேறினவை தம்பி. ஆஸ்திரேலியாக்காரன் கடலிலயே வாரக்கணக்கா அடைச்சு வச்சிருந்தவன்."

அதே சமயம் இன்னொரு படகிலிருந்த 41 பேரை, நடுக்கடலில் சில கேள்விகள் கேட்டுவிட்டு, இலங்கைக் கடற்படையிடமே ஒப்படைத்தார்கள். எந்த நாட்டிலிருந்து ஓடினார்களோ அந்த நாட்டிடமே! உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பாதே என்கிறது 1951 அகதிகள் ஒப்பந்தத்தின் 33-ஆம் பிரிவு. ஆஸ்திரேலியா அதில் சேர்ந்த நாடு. (நாம் சேரவே இல்லை, அது தனிக்கதை.)

2021-ல் முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பேர் மாற்றினார்களே, என்றேன்.

"ஓம், போர்டுக்குப் பெயிண்ட் நான்தான் அடிச்சனான்."