கூந்தன்குளத்தில் முதலில் ஊருக்குள் நடங்கள்

பறவை பார்க்கக் கூந்தன்குளம் போகிறவர்கள் பெரும்பாலும் நேரே குளக்கரைக் கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறிவிடுகிறார்கள். முதலில் ஊருக்குள் நடங்கள் என்பேன். திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாக ஒரு மணி நேரப் பயணம்தான். பிப்ரவரியில் போனால் தெருவில் கால் வைத்ததுமே கவிச்சி வாடை மூக்கில் ஏறும். நிமிர்ந்து பார்த்தால் வீட்டு முற்றத்து வேம்பிலும் புளியிலும் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டிக் குடியிருக்கும்.

இந்த முறை ஒரு வேம்பின் கீழே வெகுநேரம் நின்றுவிட்டேன். வளர்ந்த நாரைகளிடமிருந்து அலகு தட்டும் சத்தம் மட்டும்தான் வரும்; ஓயாமல் கத்துவது குஞ்சுகள். பெரிய நாரை ஒன்று கூட்டின் விளிம்பில் வந்து நின்று, கழுத்தைத் தாழ்த்தி, மீன்களைக் கூட்டுக்குள்ளேயே கக்கியது. குஞ்சுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பாய்ந்தன. வெயில் ஏறியதும் அது சூரியனுக்கு முதுகைக் காட்டி இறக்கையை விரித்தது. குஞ்சுகள் அந்த நிழலுக்குள் ஒடுங்கின. முதுகுப் பக்கத்து இறகுகளில் இருக்கும் ரோஜா நிறம் அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது.

"என்னய்யா அண்ணாந்து பாத்துட்டு நிக்க? தலையில போட்டுறும், தள்ளி நில்லு" என்றார் அந்த வீட்டு ஆச்சி.

"முத்தமெல்லாம் எச்சமா கெடக்கே ஆச்சி, கஷ்டமா இல்லையா?"

"பிரசவத்துக்கு வந்த பிள்ளைகளை வெரட்டவாய்யா முடியும்?"

ஊரில் தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்க்கிறார்கள். எச்சம் கரைந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம். 1994இல் அரசு இந்த இடத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது, 2021இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் அதற்கெல்லாம் வெகு முன்பிருந்தே காவல் காப்பவர்கள் இந்தத் தெருக்காரர்கள்தான்.

அப்புறம் குளத்துக்குப் போனேன். கருவேல மரங்களில் கூழைக்கடாக்கள். கரையோரச் சேற்றில் அரிவாள் மூக்கன்களும் கரண்டிவாயன்களும். தூரத்தில் வரித்தலை வாத்துகள் கூட்டமாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. பின்னந்தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள், பைனாகுலரில் தெளிவாகத் தெரியும். மங்கோலியா, திபெத் பக்கம் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி நாங்குநேரிச் சீமைக்கு வந்து சேரும் பறவை அது.

இத்தனைக்கும் ஆதாரம் மணிமுத்தாறு அணையிலிருந்து கால்வாயில் வரும் தண்ணீர். மழை பொய்த்துக் குளம் நிரம்பாத வருடம் நாரைகள் கூடு கட்டுவதும் குறைந்துபோகும். கட்டிய பிறகு வற்றினால் குஞ்சுகளுக்கு மீன் கிடைக்காது. அணையில் தண்ணீரைப் பங்கு பிரிக்கும்போது வயல்களோடு இந்தக் குளத்துக்கும் ஒரு பங்கு கட்டாயம் ஒதுக்க வேண்டும். குஞ்சுகள் பறக்கும்வரை, அதாவது கோடை வரைக்கும், அது தாங்க வேண்டும்.