பெங்களூருக்குள் நுழையாமல் ஹம்பி

கோவையிலிருந்து ஹம்பிக்கு காரில் போவதென்று முடிவானதும் மேப் காட்டியது வழக்கமான பாதைதான்: அவிநாசி, சேலம், கிருஷ்ணகிரி, ஒசூர், பெங்களூர், துமகூரு, சித்ரதுர்கா. ஏறக்குறைய 700 கிலோமீட்டர், பெரும்பாலும் நான்குவழிச் சாலை. கண்ணை மூடிக்கொண்டு போகலாம், பெங்களூர் வரைக்கும்.

அந்தப் பாதையில் ஒருமுறை பட்டிருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்திப்பள்ளி தாண்டியபோது மேப்பில் பச்சையாக இருந்த கோடு, எலக்ட்ரானிக் சிட்டிக்குள் ரத்தச் சிவப்பாகிவிட்டது. நகரைச் சுற்றிப் போகிற கட்டணச் சாலையான நைஸ் ரோட்டைப் பிடித்துவிட்டால் துமகூரு சாலைக்குத் தப்பிவிடலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததுதான் சிக்கலே. அன்று நகரத்தைக் கடக்க மூன்று மணி நேரம் ஆனது. அதைவிட எரிச்சல், 'இன்னும் 40 நிமிடம்' என்று மேப் அந்த மூன்று மணி நேரமும் சொல்லிக்கொண்டே இருந்ததுதான். ஆறு மணி நேரம் ஆகும் என்று முன்னாலேயே தெரிந்தால் தாங்கிக்கொள்வேன். கணக்கில் அடங்காத நேரம்தான் எனக்கு ஆகாது.

இந்த முறை பெங்களூர் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். மச்சினன் ஊட்டி, முதுமலை, பந்திப்பூர் வழியைச் சொன்னான். டிசம்பர் கடைசி வாரத்தில் ஊட்டியா? ஒரு நெரிசலுக்குப் பயந்து இன்னொரு நெரிசலில் போய் விழுவதற்கு இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். வேண்டாம் என்றேன்.

அப்புறம்தான் தேசிய நெடுஞ்சாலை 150ஏ கண்ணில் பட்டது. சாம்ராஜ்நகரில் தொடங்கி மைசூர், ஸ்ரீரங்கப்பட்டணம், நாகமங்களா, ஹுளியார், ஹிரியூர் என்று கர்நாடகத்தின் நடுவே வடக்கு நோக்கிப் போகிற சாலை. கோவையிலிருந்து சத்தியமங்கலம், திம்பம் வழியாகச் சாம்ராஜ்நகர் போய்விட்டால் இதைப் பிடித்துவிடலாம். ஹிரியூரில் பெங்களூர் – சித்ரதுர்கா நெடுஞ்சாலையில் ஏறி, சித்ரதுர்காவில், ஹம்பிக்குப் பக்கத்து ஊரான ஹொசப்பேட்டைக்குத் திரும்பினால் முடிந்தது. தூரமும் குறைவு, 600 கிலோமீட்டருக்குப் பக்கம். இத்தனை வருடம் இது ஏன் தோன்றவில்லை என்றால், மேப் இதை முதல் வழியாகக் காட்டுவதே இல்லை. சாம்ராஜ்நகர், நாகமங்களா, ஹுளியார், ஹிரியூர் நான்கையும் இடையில் நிறுத்தங்களாகச் சேர்த்த பிறகுதான் வழிக்கு வந்தது. இல்லாவிட்டால் கொஞ்சம் அசந்தாலும் பெங்களூர் பக்கம் இழுக்கும்.

கிளம்பும் நேரத்தை, திம்பம் மலையடிவாரத்தில் இருக்கிற பண்ணாரி சோதனைச்சாவடியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகிற சாலை அது. 2022-ல் உயர் நீதிமன்ற உத்தரவு வந்ததிலிருந்து இரவில் வண்டிகளை விடுவதில்லை. காலை ஆறு மணிக்குத்தான் வழி திறக்கும். நாலு மணிக்குக் கோவையின் கணபதி பகுதியைத் தாண்டினால் சரியாக இருக்கும். பகலில் சரவணம்பட்டி வரை ஊர்ந்துதான் போக வேண்டிய சத்தி ரோடு, அந்த நேரத்தில் பால் வண்டிகளோடு சும்மா கிடந்தது. அன்னூர், புளியம்பட்டி எல்லாம் தூக்கத்தில் கடந்தன, தூங்கியது மற்றவர்கள்தான்.

பண்ணாரியில் எங்களுக்கு முன்னால் இருபது வண்டிகள் நின்றிருந்தன. அம்மா கீழே இறங்கி, கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கையில் எலுமிச்சம்பழத்தோடு பின்சீட்டில் ஏறினார். 27 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் அதுதான் அவருக்கு மருந்து. லாரி ஒன்று முன்னால் மாட்டினால் ஒவ்வொரு வளைவிலும் அது முழுதாகத் திரும்பும்வரை நின்றுதான் ஆக வேண்டும். எங்களுக்கு இரண்டு மாட்டின. ஆனால் பாதி மலையில் விடிந்தது. கீழே சமவெளி பனிக்குள் கிடக்க, பவானிசாகர் பக்கம் மட்டும் ஒரு வெளிச்சக் கீற்று. மச்சினன்கூடப் போனை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆசனூர் தாண்டிக் காராப்பள்ளம் சோதனைச்சாவடிக்கு அருகே சாலையோரம் ஒரு யானை, குட்டியோடு. அங்கே யானைகள் நிற்பதற்குக் காரணம் கரும்பு லாரிகள். சத்தியமங்கலம் சர்க்கரை ஆலைக்கு மேலேயிருந்து வரும் லாரிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டன. எங்கள் காரை ஒரு பார்வை பார்த்தது. கரும்பு இல்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாங்களும் கண்ணாடியை இறக்காமல், ஹாரன் அடிக்காமல் நகர்ந்துவிட்டோம்.

சாம்ராஜ்நகர் எட்டு மணி. நஞ்சன்கூட்டில் நிற்பதாகத் திட்டமே இல்லை. ஸ்ரீகண்டேஸ்வரர் கோபுரத்தைப் பார்த்ததும் அம்மா, "இவ்வளவு தூரம் வந்துட்டு உள்ள போகாமப் போறதா?" என்றார். தரிசனம், தட்டே இட்லி, கபிலா நதிப் படிக்கட்டில் கொஞ்ச நேரம், ஒரு சீப்பு நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழம் எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் மணி நேரத்தை விழுங்கின. அதை நெரிசல் கணக்கில் சேர்க்கவில்லை. நாமாக நின்ற நேரம் அது.

மைசூருக்குள் போகவில்லை. வருடக் கடைசியில் அரண்மனைப் பக்கம் தலைகாட்டினால் அதோடு அன்றைய பொழுது போய்விடும். ரிங் ரோட்டில் சுற்றி, பெங்களூர் சாலையில் ஏறி, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பாண்டவபுரத்துக்குத் திரும்பினோம். பெருநகர நெரிசலை ஜெயித்துவிட்டதாக நான் அலட்டிக்கொள்ள ஆரம்பித்த இடம் அது.

பாண்டவபுரத்துக்கு முன்னால் நின்றோம். மண்டியா மாவட்டம், கரும்புப் பருவம். இரட்டை டிரெய்லர் மாட்டிய டிராக்டர்கள் வரிசையாக நிற்க, ஒரு டிரெய்லர் டயர் வெடித்துச் சாலைக்குக் குறுக்கே சாய்ந்திருந்தது. அரை மணி நேரம். "மாமா, பெங்களூர்ல ஏசி பஸ்ஸுக்குப் பின்னால நிப்போம், இங்க கரும்புக்குப் பின்னால நிக்கிறோம், அவ்வளவுதானுங்களே?" என்றான் மச்சினன். பதில் சொல்லவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. எங்கே அடைப்பு, ஏன் அடைப்பு, எப்போது விலகும் என்று இறங்கி நடந்துபோய்ப் பார்க்க முடிந்தது. ஒரு விவசாயி ஆளுக்கு ஒரு கரும்பை ஒடித்துக் கொடுத்தார். எலுமிச்சம்பழத்தை அம்மா அங்கேதான் கைவிட்டார்.

நாகமங்களாவுக்கு மேல் போக்குவரத்து என்று சொல்ல ஒன்றுமில்லை. பெள்ளூர் கிராஸில் பெங்களூர் – மங்களூர் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்தபோது மட்டும் வண்டிகள் சரம்சரமாக ஓடின. கடந்ததும் மறுபடி அமைதி. துருவேகெரே, சிக்கநாயக்கனஹள்ளி என்று இருபுறமும் தென்னந்தோப்புகள். கொப்பரைச் சந்தைக்குப் பேர்போன திப்தூர் இந்தப் பக்கம்தான். "ஏஞ் சாமி, நாம பொள்ளாச்சிக்கே திரும்பி வந்துட்டமா?" என்று கேட்டார் அம்மா.

இந்த வழியின் எதிரி வேகத்தடை. ஒவ்வொரு கிராமத்துக்கும் நுழைய ஒன்று, வெளியேற ஒன்று, நடுவில் பள்ளிக்கூடம் இருந்தால் இன்னும் இரண்டு. பாதிக்கு வெள்ளைக்கோடு இல்லை. எண்ண ஆரம்பித்த மச்சினன் 60-க்கு மேல் விட்டுவிட்டான். இருவழிச் சாலை என்பதால் சராசரியாக மணிக்கு 50-க்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. சாப்பாட்டுக்கும் பெரிய ஓட்டல் எதுவும் கிடையாது. ஹுளியாரில் ஒரு சின்ன மெஸ்ஸில் ராகி முத்தையும் (நம்மூர்க் களி உருண்டைதான்) கீரைச் சாறும் கிடைத்தன. முத்தையை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று பரிமாறியவர் சைகையில் காட்டினார். அம்மா மென்றுதான் சாப்பிட்டார்.

ஹிரியூருக்குப் பக்கத்தில் வேதவதி ஆற்றின் குறுக்கே 1907-ல் கட்டி முடித்த வாணி விலாச சாகர் அணை இருக்கிறது. 1933-க்குப் பிறகு 2022-ல்தான் நிரம்பி வழிந்த அணை. பார்க்க ஆசைதான். மணி நாலாகிவிட்டது, விட்டுவிட்டோம். ஹிரியூரில் நான்குவழிச் சாலையில் ஏறியதும் வண்டி மூச்சுவிட்டதுபோல் ஓடியது. சித்ரதுர்கா மலைகளில் காற்றாலைகள் சுழல்வது பல மைல் தூரத்துக்குத் தெரிந்தது. பெல்லாரி வழியாகவும் போயிருக்கலாம், ஆனால் அங்கே தோரணகல்லு பக்கம் இரும்புத்தாது லாரிகள். சித்ரதுர்கா வழியே போதும் என்று வைத்துக்கொண்டோம். ஹொசப்பேட்டை அறைக்குள் பைகளைப் போட்டபோது மணி ஏழு.

மொத்தம் 15 மணி நேரம். பெங்களூர் வழிக்கு மேப் அன்று காலையில் காட்டியது 12. அதை மச்சினன் நினைவுபடுத்தாமல் இருப்பானா?

ஹம்பியைப் பற்றி அடுத்த பதிவில். திரும்பும்போது அவன்தான் ஓட்டினான். ஹிரியூர் வந்ததும் நேராகப் போனால் பெங்களூர் என்று பெரிய பச்சைப் பலகை; நான்குவழிச் சாலை பளபளவென்று கிடந்தது. வண்டியின் வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. பின்சீட்டிலிருந்து அம்மா, "அந்த வாழப்பழம் இன்னும் ரெண்டு சீப்பு வாங்கணும்" என்றார். அவன் வலதுபக்க இண்டிகேட்டரைப் போட்டான்.